ஆறு மாதம் எந்த நாளிலிருந்து?

சட்டம் படிக்கும் பிள்ளைகள் வன்னியில் ஒரு நாள் இலவச சட்ட உதவி முகாம் நடத்தினால், அன்று பின்னேரம் கட்டாயம் ஒரு படம் எடுக்கப்படும். பொதுநோக்கு மண்டப வாசலில் பதாகையைப் பிடித்தபடி கறுப்பு வெள்ளை உடுப்பில் முப்பது பேர், நடுவில் பிரதேச செயலாளர், ஓரத்தில் கிராம அலுவலர் (ஊர்ப்பேச்சில் ஜி.எஸ்.). அடுத்த நாள் படம் முகநூலில் ஏறும்; கீழே "இத்தனை குடும்பங்கள் பயன்பெற்றன" என்று ஒரு வரி இருக்கும். உறுத்துவது அந்த வரிதான். எண்ணிக்கை பொய் இல்லை, வரவுப் பதிவேட்டில் ஒப்பம் இருக்கிறது. ஆனால் கதிரையில் இருந்து தன் அலுவலைச் சொல்லிவிட்டு, ஒரு படிவத்தை வாங்கிக்கொண்டு, பிளேன் ரீ குடித்துவிட்டுப் போனவரைப் பயன்பெற்றவர் என்று எப்படி எழுதுவது? ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போய் அந்தப் படிவம் எங்கே என்று கேட்டால், சாமிப்படத்துக்குப் பின்னால் பொலித்தீன் பைக்குள் மடிப்புக் குலையாமல் இருக்கும்.

சட்டம் படிக்கும் இடங்களில் சாதனை என்றால் கண்ணாடி அலுமாரிக்குள் நிற்கும் கிண்ணங்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறையாக இருக்கட்டும், 1874 முதல் நடக்கும் கொழும்புச் சட்டக் கல்லூரியாக இருக்கட்டும், மாணவர் வாழ்க்கை மூட் போட்டி (கற்பனை வழக்கில் வாதாடுவது), விவாதம், ஆண்டு மலர், சங்கத் தேர்தல் இவற்றைச் சுற்றியே ஓடுகிறது. மூட் போட்டியைக் குறைத்துப் பேசத் தேவையில்லை. தனக்குப் பிடிக்காத பக்கத்துக்காகவும் நியாயம் எழுதப் பழக்குவது அது. நீதிபதி குறுக்கே கேட்டால் தடுமாறாமல் நிற்கவும் அது பழக்குகிறது. அதில் ஒரேயொரு குறை: வழக்கின் உண்மைகள் எல்லாம் தட்டச்சு செய்யப்பட்டு, பந்தி இலக்கத்தோடு கையில் வந்துவிடும். வன்னி முகாமில் அந்த உண்மைகளைத் தேடி எடுப்பதற்கே முக்கால்வாசி நேரம் போய்விடும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. ஆனால் சட்டம் படிக்க வன்னிப் பிள்ளை வெளியே போகவேண்டும். ஆகவே சட்டம் இங்கே பஸ்ஸில் ஏறித்தான் வருகிறது. பின்னேரம் பஸ்ஸிலேயே திரும்பியும் போகிறது. இந்தக் கட்டுரையின் முறைப்பாட்டில் பாதி அந்தத் திரும்பிப் போதலைப் பற்றியது.

படித்ததும் கேட்கப்படுவதும்

முகாமில் பிறப்புச் சான்றிதழ் மேசை, குடும்ப மேசை, காணி மேசை என்று எத்தனை போட்டாலும் வரிசை நீளுவது காணி மேசையில்தான். காரணம் ஊரின் வரலாறு. இரணைமடுத் தண்ணீரை நம்பி எழுந்த உருத்திரபுரம், வட்டக்கச்சி, முரசுமோட்டைக் குடியேற்றங்கள், முத்தையன்கட்டுத் திட்டம், விசுவமடுவின் படித்த வாலிபர் திட்டம், இவற்றில் பெரும்பகுதி அரச காணி. மக்கள் கையில் இருப்பது உறுதிப்பத்திரம் இல்லை, காணியில் இருக்க அரசு கொடுத்த பெர்மிட். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டி இருந்தவர்களில் பலருக்கு அந்தப் பெர்மிட்டும் இல்லை.

மாணவர்கள் காணிச் சட்டம் என்று நன்றாகப் படித்துவிட்டு வருவது இரண்டு விஷயங்களை. ஒன்று, 1871 ஆம் ஆண்டின் பிரெஸ்கிரிப்ஷன் சட்டம்: பத்து வருடம் எதிரிடையாக, தடையில்லாமல் ஆண்டால் உரித்து வரும். மற்றது வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை: முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து), கணவனின் சம்மதம் இல்லாமல் மனைவி காணி விற்க முடியாது என்பது. இரண்டும் நல்ல பாடங்கள். காணி மேசையில் இரண்டும் பெரும்பாலும் உதவாது. அரச காணியில் பத்து வருடமோ இருபது வருடமோ இருந்தாலும் அரசுக்கு எதிராக அப்படி உரித்து வராது. பெர்மிட் காணியின் பின்னுரித்தை, அதாவது இறந்தவருக்குப் பின் அது யாருக்கு என்பதை, முடிவு செய்வது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அதன் 170 ஆம் பிரிவு, மரணசாதனம் (உயில்) இல்லாமல் இறந்தவரின் காணி யாருக்குப் போகும் என்று சொல்லும் வேறு எந்தச் சட்டமும் இந்தக் காணிகளுக்குப் பொருந்தாது என்கிறது. தேசவழமையும் அந்த "வேறு எந்தச் சட்டமும்" என்பதற்குள் அடக்கம். மூத்த மகளுக்குச் சீதனமாக வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த அரை ஏக்கரும் அப்படித்தான்.

2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தையும் சிலர் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விட்ட சட்டம் அது. அதன் கீழ் வழக்குப் போடக் கொடுத்த தவணை இரண்டு வருடம். 2018 ஏப்ரலோடு அது முடிந்துவிட்டது. முடிந்த சட்டத்தைச் சொல்லி ஒரு கிழவிக்கு நம்பிக்கை கொடுப்பது, சட்டமே தெரியாமல் இருப்பதை விட மோசம்.

மேசையில் பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்.

"அம்மா, பெர்மிட் ஆற்றை பேரில கிடக்கு?"

"அவற்றை பேரிலதான் பிள்ளை."

"அவர் இப்ப?"

"இல்லை."

"எப்ப மோசம் போனவர்?"

இந்த இடத்தில் மேசை அமைதியாகிவிடும். எழுதுகிற பிள்ளை பேனையை வைத்துக்கொண்டு காத்திருக்கும். கட்டளைச் சட்டம் மிகத் தெளிவு: பெர்மிட்காரர் இறந்தால் 48அ பிரிவின்படி வாழ்க்கைத்துணைக்குக் காணி வரும். 68 ஆம் பிரிவின்படி, இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் துணை காணிக்குள் போய் ஆட்சியில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பின்னுரித்து தவறிப்போகும். நியமிக்கப்பட்ட பின்னுரித்தாளருக்கும் அதே ஆறு மாதம்தான். கொழும்பில் இருந்துகொண்டு வாசிக்க நேரான பிரிவு. 2009 பங்குனியில் புதுக்குடியிருப்புப் பக்கம் கணவனை இழந்து, இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குப் போய், பிறகு சொந்தக்காரர் வீட்டில் இருந்து, தன் காணிக்குள் 2011 இலோ 2012 இலோ கால் வைத்த பெண்ணுக்கு அந்த ஆறு மாதம் எப்போது முடிந்தது? மெனிக் பாம் மூடப்பட்டதே 2012 செப்டெம்பரில். கணவன் இறக்கவில்லை, காணாமற் போனவர் என்றால்? ஆறு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

இதைவிடக் கனமான மூட் வழக்கை எந்தப் போட்டிக் குழுவும் எழுதிவிட முடியாது. ஆனால் மேசையில் இருக்கும் பிள்ளைக்கு வாதாட நேரம் இல்லை. பின்னால் இன்னும் நாற்பது பேர். அதனால் வாயில் வருவது கையடக்கமான ஒரு பதில்: "மரணச் சான்றிதழ் எடுங்கோ அம்மா, மிச்சம் செய்யலாம்." சட்டப்படி பிழை இல்லாத பதில். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஒரு வருடத்துக்கு மேல் காணாமற் போனவரின் மரணத்தைப் பதியலாம். ஆனால் எதிரே இருப்பவரின் கைப்பைக்குள் கணவனின் படம் இருக்கிறது. காணாமற் போனோரின் உறவுகள் இருக்கும் போராட்டப் பந்தலுக்கு இன்னும் போய்வருகிறார். அந்தப் பதிலைக் கேட்டதும் எழும்பிப் போய்விடுவார், படிவத்தைக்கூட வாங்கமாட்டார். வரவுப் பதிவேட்டில் அவரும் ஒரு பயனாளி.

பல முகாம்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. நல்ல முகாம் வேறுபடுவதும் இங்கேதான். அந்த 2010 சட்டத்துக்கு 2016 இல் வந்த திருத்தம், இறந்ததாக ஒப்புக்கொள்ளாமலேயே ஆள் காணாமற் போனதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெற வழி வைத்தது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதனால் என்ன நடக்கும், அதனால் என்ன நடக்காது என்று சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விடவேண்டும். தீர்மானிக்க அன்றே வேண்டியதில்லை. எந்த முடிவென்றாலும் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: காணிக்குள் ஏன் போக முடியவில்லை என்பதைத் தாளில் சேர்ப்பது. இடம்பெயர்ந்தோர் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, மீள்குடியேற்றப் பதிவு, காணிக்குள் திரும்பிய திகதியைக் குறித்த கிராம அலுவலர் கடிதம், வீட்டுத்திட்டம் கிடைத்திருந்தால் அதன் கடிதம். இந்த நாலையும் ஒன்றாகக் குத்தி, பிரதேச செயலாளருக்கு ஒரு பக்க விண்ணப்பத்தோடு கொடுத்து, பெற்றதற்கான முத்திரையைத் தன் பிரதியில் வாங்கிக்கொண்டு வரவேண்டும். முத்திரை இல்லாத பிரதிக்குப் பின்னர் ஒரு மதிப்பும் இருக்காது.

சனிக்கிழமையின் கோளாறு

முகாம்கள் பெரும்பாலும் சனிக்கிழமையில் வைக்கப்படுகின்றன. விரிவுரை இல்லாத நாள் அதுதான். ஆனால் காணி மேசைக்கு முதலில் வேண்டிய பொருள் பிரதேச செயலகத்தின் பெர்மிட் லெட்ஜர் (பதிவுப் பேரேடு); அது இருக்கும் அலுமாரி சனிக்கிழமை பூட்டியிருக்கும். லெட்ஜரைப் பார்க்காமல் சொல்லும் எந்த ஆலோசனையும் ஊகம்தான். பெர்மிட் இலக்கம், துண்டு இலக்கம், பரப்பளவு, பின்னுரித்தாளர் நிரலில் யாருடைய பெயர், அதற்கு நேரே காணிப் பதிவகத்தின் பதிவு இருக்கிறதா, பெர்மிட் ரத்துச் செய்யப்பட்டதாகக் குறிப்பு ஏதும் உண்டா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஆகவே வேலை நாளில் வையுங்கள், அல்லது முதல் வாரமே இரண்டு பேரை அனுப்பி, கிராம அலுவலரிடம் பதிந்தவர்களின் லெட்ஜர் விவரங்களைக் காணி உத்தியோகத்தரோடு இருந்து எடுத்து வாருங்கள். மாதமும் முக்கியம். காலபோகம் விதைக்கும் ஐப்பசியிலும் வெட்டும் தை மாசியிலும் முகாம் வைத்தால் வயலை விட்டு யாரும் வரமாட்டார்கள். பங்குனிக் கடைசி நல்லது, ஆனால் அப்போது பல்கலைக்கழகச் சோதனை வரும் என்று மாணவர்கள் சொல்வார்கள். சோதனைக்கு ஏற்றபடி வைத்தால் வெறும் கதிரைகளோடுதான் முகாம் நடக்கும்.

அசல் பத்திரத்தை எந்த மாணவரும் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. இதை விதியாகவே எழுதி ஒட்டவேண்டும். நாலு இடப்பெயர்வில் மண்ணுக்குள் புதைத்துக் காப்பாற்றிய பெர்மிட், பிரதி எடுக்கப் போன இடத்தில் வேறொருவரின் கோப்புக்குள் போய்விட்டால் மன்னிப்புக் கேட்டு ஆகாது. பிரதி இயந்திரம் மண்டபத்துக்குள்ளேயே இருக்கட்டும், மின்பிறப்பாக்கியும் கூட இருக்கட்டும்; பத்திரக்காரர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று தன் கையாலேயே திரும்ப வாங்கட்டும்.

சத்தியக்கடதாசி (உண்மை என்று உறுதிசெய்து ஒப்பமிடும் எழுத்து) மேசையில் பிழைகள் எல்லாம் ஒரே மாதிரியானவை. பெர்மிட்டில் "ஆறுமுகம் கந்தசாமி", அடையாள அட்டையில் "கந்தசாமி" மட்டும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் "கந்தையா". மூன்றும் ஒரே ஆள் என்று ஒரு சத்தியக்கடதாசி தேவை. அதில் மூன்று பெயரையும் அந்தந்தப் பத்திரத்தின் இலக்கம், திகதியோடு எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதவேண்டும். திருத்தி அழகாக எழுதினால் நாலாவது பெயர் ஒன்று பிறந்துவிடும். இந்துவானால் உறுதியுரை, கிறிஸ்தவரானால் சத்தியம். ஒரே மாதிரியை எல்லாருக்கும் பிரதி எடுத்தால் அங்கேயே பிழை. கைநாட்டு வைப்பவருக்கு வாசித்து விளங்கப்படுத்தியதாகக் கீழே எழுதவேண்டும். சமாதான நீதவான் (ஜே.பி.) ஒப்பமிடும் பகுதி தனித் தாளில் போய் நிற்கக் கூடாது; உரையின் கடைசி இரண்டு வரியாவது அதே தாளில் இருக்கவேண்டும். ஜே.பி. வருவதற்கு முன்னரே நேரம் மிச்சம் என்று ஆளிடம் ஒப்பம் வாங்கி வைப்பது அடிக்கடி நடக்கும் கூத்து. அவர் முன்னால் வைக்காத ஒப்பத்தை அவர் உறுதிப்படுத்த முடியாது.

மாணவர் சட்டத்தரணி இல்லை என்பதும் மறக்கப்படுகிறது. கேட்கலாம், எழுதலாம், வரைவு தயாரிக்கலாம். ஆலோசனை என்று சொல்லி அனுப்புவதை மேசைக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தரணி பார்த்துத்தான் அனுப்பவேண்டும். இரண்டு மேசைக்கு ஒரு சட்டத்தரணி இல்லையென்றால் மேசைகளைக் குறைப்பதே மரியாதை. சட்ட உதவி ஆணைக்குழுவின் உத்தியோகத்தர் ஒருவர் இருந்தால் நீதிமன்றம் போகவேண்டிய கோப்பு அங்கேயே கைமாறும்.

சட்டத்துறையின் கூட்டு வாழ்க்கைக்கு இந்த முகாம் செய்யும் நன்மை ஒன்றையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் சட்டம் ஆங்கிலத்தில் படிக்கப்படுகிறது. தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர்கள் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். விடுதியில் அவரவர் மொழிக்காரரோடு இருந்துவிட்டுப் போகலாம். முகாமில் முடியாது. வன இலாகாவிலிருந்து வீட்டுக்கு வந்த சிங்களக் கடிதத்தோடு ஒருவர் வந்து நிற்பார். அதை வாசிக்க அனுராதபுரத்துப் பிள்ளை வேண்டும், அவருக்கு வட்டக்கச்சிப் பேச்சை விளங்கப்படுத்த ஊர்ப்பிள்ளை வேண்டும். இருவரையும் ஒரே மேசையில் இருத்தினால் பத்து நிமிடத்தில் கடிதத்தின் உள்ளடக்கம் தமிழில் எழுதிக் கையில் கொடுக்கப்படும். வடக்கு கிழக்கில் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை சொல்கிறது; ஆகவே தமிழில் மறுபடி அனுப்பக் கேட்டு ஒரு வரிக் கடிதமும் அதே மேசையில் எழுதலாம்.

அந்தக் கடிதம் வெளியேறும் அறிவித்தலாக இருந்தால் வேகம் வேண்டும். 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் கொடுப்பது முப்பது நாள். பிறகு நீதவான் நீதிமன்றம். அங்கே செல்லும் எதிர்வாதம் ஒன்றே ஒன்று: செல்லுபடியான பெர்மிட் அல்லது அரசின் எழுத்து மூல அதிகாரம். முப்பது வருடம் இருந்தேன், கிணறு வெட்டினேன், நூறு தென்னை வைத்தேன் என்பதை நீதவான் கேட்க இடமில்லை. எனவே அந்த முப்பது நாளும் தாள் தேடும் நாட்கள்: பழைய வருடாந்த பெர்மிட், காணிக் கச்சேரியில் (காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் கூட்டத்தில்) தெரிவான கடிதம், ஏ.ஜி.ஏ. (உதவி அரசாங்க அதிபர்) காலத்துக் கடிதத் துண்டு. அறிவித்தலையே எதிர்த்து ரிட் (அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யும் நீதிமன்ற ஆணை) கேட்பதென்றால், 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு மாகாண மேல் நீதிமன்றத்தில் முடியாது. கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். ஒட்டுசுட்டானிலிருந்து கொழும்புக்குப் போய்வரும் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் ரிட் என்ற சொல்லை மேசையில் எடுக்கவேண்டும்.

நிரல்கள்

கோப்பு சாகும் இடம் முகாம் இல்லை, அதற்குப் பிறகு வரும் மாதங்கள். காரணம் சோம்பல் இல்லை, பட்ச் மாறுவது. நாலாம் வருடப் பிள்ளைக்குத்தான் கோப்பு விளங்கும். அவர் பட்டத்தை முடித்துச் சட்டக் கல்லூரிக்குக் கொழும்பு போய்விடுவார். ஊர்க்காரரிடம் இருப்பது அவருடைய கைபேசி இலக்கம். அது ஒரு வருடத்தில் மாறும், மாறாவிட்டாலும் சோதனை மண்டபத்துக்குள் அணைந்திருக்கும். இலக்கம் துறையின் சட்ட உதவிப் பிரிவுக்குரியதாக இருக்கவேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்றாம் வருடம் ஒருவர், இரண்டாம் வருடம் ஒருவர் என்று சோடியாகக் கொடுத்தால் ஒருவர் போனாலும் மற்றவருக்குக் கதை தெரியும். முதல் பக்கத்தில் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்: ஆள், காணி, கேள்வி, அடுத்த வேலை, அதைச் செய்பவர். காபன் தாள் வைத்து எழுதி ஒரு துண்டை ஆளிடம் கொடுத்தால், துறையில் கோப்புத் தொலைந்தாலும் சாமிப்படத்துக்குப் பின்னால் ஒரு பிரதி இருக்கும்.

லெட்ஜர்ப் பக்கம் கிடைக்காத கோப்புகளுக்குத் தகவல் அறியும் சட்டம் நல்ல கருவி. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். காரணம் சொல்லத் தேவையில்லை, வாயால் கேட்டாலும் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும், பதினாலு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் பதினாலு நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. மாணவர்களுக்குத் திகதி எண்ணிப் பழக இதைவிட நல்ல பயிற்சி இல்லை. கேள்வியை மட்டும் இறுக்கமாக எழுதவேண்டும். "என் காணி விவரம் தருக" என்றால் ஒன்றும் வராது. "இன்ன இலக்கப் பெர்மிட்டின் லெட்ஜர்ப் பக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதி" என்று கேட்டால் வரும்.

இவ்வளவுக்கும் பிறகு, முகாமின் மிகப் பெரிய வேலை வரிசையில் நிற்பவர்களிடம் இல்லை என்பதே என் கணிப்பு. மனைவியின் பிறப்புச் சான்றிதழுக்காகச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டு, மாமர நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருக்கும் பெரியவரிடம் போகவேண்டும். பெர்மிட் அவர் பெயரில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறார், பிரச்சினை ஏதும் இல்லை. அதனாலேயே அவரை யாரும் எந்த மேசைக்கும் கூப்பிடவில்லை. பின்னுரித்தாளரை நியமித்த பத்திரம், பெர்மிட்காரர் இறக்கும் முன்னரே காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருந்தால்தான் செல்லும் என்பது 60 ஆம் பிரிவு. லெட்ஜரில் மகளின் பெயரை எழுதிவிட்டு, பதிவகத்துக்குப் போகாமல் விட்ட நியமனம் வெறும் எழுத்து. அவர் இறந்த பிறகு மனைவிக்குக் காணி வந்தாலும், அடுத்தவரை நியமிக்கும் அதிகாரம் மனைவிக்கு வருவதில்லை. நியமனமும் இல்லையென்றால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை யாருக்கு என்று முடிவு செய்யும். அதில் நெடுங்காலம் மகனுக்குப் பிறகுதான் மகள். அந்த ஆண் முன்னுரிமையை எடுக்க 2022 வரை ஆனது. நாலு பிள்ளைகள், இரண்டு நாடுகள், ஒரு காணி என்றால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அற்றுப்போவது அங்கேதான் தொடங்கும்.

"அப்பு, ஆரைப் பின்னுரித்துக்குப் போட்டிருக்கிறியள்?"

"சின்ன மகளைத்தான். அவள்தான் எங்களைப் பாக்கிறாள். ஜி.எஸ். எழுதினவர்."

"பதிவகத்தில பதிஞ்ச துண்டு கிடக்கோ?"

துண்டு இருக்காது. மூன்று பிரதிப் படிவம், அவருடைய அடையாள அட்டை, பெர்மிட், மகளின் பிறப்புச் சான்றிதழ், சாட்சிகள் இருவர், பிரதேச செயலாளர் முன் ஒப்பம். பிறகு பத்திரத்தோடு பதிவகத்துக்கு ஒரு பயணம், கூட ஒரு மாணவர். இரண்டு வேலை நாள் போதும். பதிவகத்திலிருந்து வந்த பதிவு இலக்கத்தைப் முகாம் பதிவேட்டின் கடைசி நிரலில் எழுதும் வரை கோப்பு அலுமாரிக்குள் போகாது, மேசையில்தான் கிடக்கும்.